மருத்துவர்தம் மனத்துயர்

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்னும் நால்வகைக் கூறும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் கண்ட முடிபு. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாத் தொற்று, இவற்றுள் நான்காமவரை மருத்துவமனை வாயிலிலேயே தடுத்து நிறுத்திற்று. தாயும் தாரமும் மக்களும் வெளியே நிற்க, நோயாளி உள்ளே தனித்துக் கிடந்தார். மருத்துவரும் செவிலியருமே அவருக்குச் சுற்றமாயினர். இறக்குந் தறுவாயில் அவர் கையைப் பற்றியிருந்தவரும், அச்செய்தியைத் தொலைபேசி வழியே வீட்டாருக்கு உரைத்தவரும் அவர்களே. உடல் முழுதும் மூடிய காப்புடையினுள் வியர்த்து, நீரும் அருந்தாது நெடுநேரம் உழைத்தது பெரிதன்று. உடற்களைப்பு உறக்கத்தால் நீங்கும். எத்துணை முயன்றும் காக்க இயலாது போனோரின் நினைவும், தம்மால் தம் பிள்ளைகட்கும் நோய் பற்றுமோ என்னும் அச்சமும் அவ்வுறக்கத்தையே பறித்தன.

அத்தொற்றின் தொடக்கத்தில், சீன நாட்டின் 34 மருத்துவமனைகளில் பணியாற்றிய 1,257 பேரை அறிஞர் வினவி ஆய்ந்தனர். அவருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், மூன்றில் ஒரு பங்கினரிடம் உறக்கமின்மையும் காணப்பட்டன. தொற்றுற்றோரை நேரில் பேணியவரிடம் இவை மிகுந்திருந்தன.

நியூயார்க் நகரில் அவசர சிகிச்சைப் பிரிவொன்றின் தலைவராய் விளங்கியவர் லோர்னா பிரீன் அம்மையார். தாமும் அந்நோய்க்கு ஆட்பட்ட அவர், சிறிது தேறியவுடன் பணிக்கு மீண்டார். நோயாளிகளோ வெள்ளமெனப் பெருகினர். சில நாட்களுக்குள் இருக்கையினின்று எழவும் இயலாதவாறு அவர் தளர்ந்தார். மனத்திற்குச் சிகிச்சை பெற்றமை வெளிப்படின் தொழில் உரிமத்தை இழக்க நேருமோ என அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் பின்னர்க் கூறினர். 2020 ஏப்ரல் 26-ஆம் நாள், தம் 49-ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மருத்துவரிடையே இவ்வச்சம் வேரூன்றியிருந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், மனநோய்க்கு முன்னர்ச் சிகிச்சை பெற்றதுண்டா என உரிமம் வழங்குவோர் வினவி வந்தனர். முறிந்த எலும்பிற்குக் கட்டுப் போட்டுக்கொள்வதை எவரும் இழுக்காகக் கருதார். உள்ளம் தளர்ந்ததை மட்டும் ஒளிக்க வேண்டியதாயிற்று. பிறர் மறைக்கும் நோயையும் கேட்டறிந்து தீர்ப்போர்க்கே இந்நிலை நேர்ந்தமை விந்தைதான்.

அம்மையார் பெயரால் 2022 மார்ச்சுத் திங்களில் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. மருத்துவப் பணியாளர்தம் மனநலம் காக்கும் பயிற்சிக்கும் உதவிக்கும் அது பொருள் வழங்க வகைசெய்தது. பழைய வினாவைப் பல மாநிலங்கள் தம் விண்ணப்பங்களினின்று நீக்கியோ திருத்தியோ அமைத்தன. இன்னும் நீக்காதனவும் உள.