சுனைநீரும் நுண்குழாயும்

வெள்ளியங்கிரி ஏறுவோர் கைதட்டிச் சுனையிலும் பாம்பாட்டிச் சுனையிலும் தண்ணீர் பிடித்துக்கொள்வது வழக்கம். மலைத்தண்ணீர் மருந்து என்பார்கள். ஆனால் தெளிந்த நீரிலும் கிருமி இருக்கலாம். அதைப் பிரித்தெடுக்கும் கையடக்க வடிகட்டிக்குள் உள்ளீடற்ற நுண்குழாய்கள் கற்றையாக அடைக்கப்பட்டிருக்கும். அவற்றின் சுவரிலுள்ள துளை சுமார் 0.1 மைக்ரான். ஈ.கோலை பாக்டீரியாவின் அகலமே அதைப்போல் பல மடங்கு. அதனால் வடிகட்டியோடு இணைத்த நீர்ப்பையை அமுக்கினால் நீர் சுவரைக் கடந்து வரும், பாக்டீரியா வெளியே நின்றுவிடும். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் இன்னும் பெரியவை. வைரஸ்களில் பெரும்பாலானவை துளையைவிடச் சிறியவை, நுழைந்துவிடும். ஆகவே ஆட்கள் குளிக்கும் ஆண்டிச் சுனை போன்ற இடத்து நீரைக் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது குளோரின் மாத்திரை போட வேண்டும். வடிகட்டியில் வண்டல் அடைத்தால் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சுத்தமான நீரை எதிர்ப்பக்கமாகப் பீய்ச்சினால் அடைப்பு நீங்கும். ஊட்டி போன்ற குளிர்ந்த மலையில் உறைபனி இரவில் ஈரமான வடிகட்டியை வெளியே வைக்கக்கூடாது: உள்ளே நீர் உறைந்து விரிந்தால் குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.