புதைபடிவத்தில் மெய் எவ்வளவு?

பல லட்சம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த உயிரினங்களின் எலும்பும் ஓடும் பல்லும் மண்ணுக்கடியில் புதைந்து, நாளடைவில் கனிமங்கள் ஊறிக் கல்லாகியோ, பாறையில் அச்சாகப் பதிந்தோ எஞ்சியிருப்பவையே புதைபடிவங்கள் எனப்படுகின்றன. ஒரு காலத்தில் அருங்காட்சியகங்களில் மட்டுமே காணக் கிடைத்த இவை இன்று கனிமக் கண்காட்சிகளிலும் இணைய அங்காடிகளிலும் தாராளமாக விற்பனைக்கு வருவதால், போலிகளும் கூடவே பெருகியுள்ளன. முழுவதும் அச்சில் வார்த்த போலிகள் உண்டெனினும், பழகிய கண்ணையும் ஏமாற்றிவிடுபவை பெரும்பாலும் உண்மையான துண்டு ஒன்றோடு இல்லாத பாகங்களை ஒட்டியும் செதுக்கியும் சாயம் பூசியும் முழுமையாக்கப்பட்டவையே. எனவே ஒரு படிவம் மெய்யா பொய்யா என்று ஆராய்வதைக் காட்டிலும், அதில் மெய் எவ்வளவு என்று ஆராய்வதே வாங்குபவருக்குக் கைகொடுக்கும்.

இத்தகைய கலப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ‘ஆர்க்கியோராப்டர்’ தக்க சான்று. சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் தோண்டியெடுக்கப்பட்டு, அமெரிக்காவின் டூசான் நகரக் கண்காட்சியில் 80,000 டாலருக்கு விலைபோன இப்படிவம், டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட உயிரினமாக 1999 நவம்பர் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் அறிமுகப்படுத்தப்பட்டது. படிவம் கிடைக்கும் பாறைப் பலகை பிளக்கும்போது இரு பாதிகளிலும் ஒரே உருவம் பதிந்திருக்கும். ஆர்க்கியோராப்டரின் வாலுக்குரிய மறுபாதி, முற்றிலும் வேறான ஒரு சிறு டைனோசரின் உடலோடு சேர்ந்திருப்பதைச் சீனத் தொல்லுயிரியலாளர் ஷூ ஷிங் கண்டறிந்ததும் உண்மை வெளிப்பட்டது. யானோர்னிஸ் என்னும் பழம்பறவையின் உடலோடு மைக்ரோராப்டர் என்னும் டைனோசரின் வால் இணைக்கப்பட்டிருந்தது. இரண்டுமே அசல் படிவங்கள், அவற்றைச் சேர்த்ததுதான் பொய்.

சந்தையில் மிகுதியாகப் புழங்கும் ட்ரைலோபைட் படிவங்களிலும் இதே கதைதான். மூன்று மடல்களாகப் பிரிந்த ஓடு கொண்டதும், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனதுமான இக்கடல்வாழ் கணுக்காலியின் படிவங்கள், மொராக்கோவின் எர்ஃபூத், அல்னிஃப் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. பாறையைச் சுத்தியலால் உடைக்கும்போது உடைந்த முகத்தில் ஓட்டின் குறுக்குவெட்டு கரிய கோடாகத் தெரியும். அதை அடையாளம் கண்ட தொழிலாளர் துண்டுகளை மீண்டும் ஒட்டி, நுண்கருவிகளால் மேற்கல்லைச் சிறுகச் சிறுக நீக்கி உருவை வெளிக்கொணர்வர். அதனால் பாறையில் தொடங்கி ட்ரைலோபைட்டின் உடலையும் ஊடறுத்து மறுபக்கப் பாறைவரை தொடரும் மெல்லிய ஒட்டுக்கோடு பெரும்பாலான அசல் படிவங்களில் இருக்கும். அக்கோடு உடலின் விளிம்போடு நின்றுவிட்டால், உடல் பின்னர் பதிக்கப்பட்டது என்று ஐயுற வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கண். ஃபேகாப்ஸ் வகை ட்ரைலோபைட்டின் கண், கால்சைட் என்னும் கனிமத்தாலான சிறு வில்லைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட அமைப்பு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடியில் நன்கு பேணப்பட்ட அசலின் வில்லைகள் தனித்தனியே தெரியும். கல்தூள் கலந்த செயற்கைப் பிசினை அச்சில் ஊற்றி எடுத்த போலியிலோ வில்லைகள் மழுங்கி ஒன்றோடொன்று கலந்திருக்கும். பிசினில் சிக்கிய காற்றுக்குமிழ்கள் குண்டூசி முனையளவு வட்டத் துளைகளாக ஆங்காங்கே தென்படும். சூடேற்றிய ஊசியை அடிப்பக்கத்தில் வைத்தால் கல் அசையாது, பிசின் இளகிப் பிளாஸ்டிக் கருகும் வாடை வீசும். விற்பவரின் இசைவின்றி இதைச் செய்தலாகாது. புற ஊதா விளக்கின் ஒளியில் பசையும் பிசினும் கல்லினின்று வேறுபட்டு ஒளிர்வது, தீங்கில்லாத சோதனை. டைக்ரானுரஸ், வாலிசெராப்ஸ் போன்ற நீள்முள் இனங்களைச் சுத்தம் செய்யப் பெரும் உழைப்பும் நேரமும் தேவைப்படுவதால், ஒரு முள்ளும் முறியாத படிவம் மலிவாகக் கிடைக்கிறதென்றால் அதுவே எச்சரிக்கை. இரு படிவங்களில் ஒரே வளைவும் ஒரே உடைவும் காணப்பட்டால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்று உறுதி கொள்ளலாம்.

மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கங்களில் கிடைக்கும் மோசசார் என்னும் பழங்காலக் கடல் ஊர்வனத்தின் பற்கள் மலிவானவை, பெரும்பாலும் அசலானவை; ஆனால் அவற்றைப் பசை கலந்த மணலில் வரிசையாகப் பதித்துத் தாடை என்று விற்பதுண்டு. உண்மைத் தாடையில் பல்லின் வேர் எலும்புக்குள் இறங்கியிருக்கும்.

பழங்கால மரப்பிசின் இறுகி உருவான ஆம்பருக்கு எளிய சோதனைகள் உள்ளன. இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில் ஆம்பர் மிதக்கும். கண்ணாடியும் பேக்கலைட் என்னும் பிளாஸ்டிக்கும் மூழ்கும். கோபல் எனப்படும் இளம் மரப்பிசினும் மிதக்கும் என்பதால், அசிட்டோன் ஒரு சொட்டு இட்டுப் பார்ப்பது வழக்கம். கோபல் பிசுபிசுக்கும், ஆம்பர் அவ்வாறு ஆகாது. ஆயினும் இவை பொருளைத்தான் சோதிக்கின்றன, உள்ளிருக்கும் பூச்சியை அன்று. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் அசலெனப் போற்றப்பட்ட ஓர் ஈயை 1993இல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ராஸ் ஆராய்ந்தபோது, நுண்ணோக்கி விளக்கின் வெப்பத்தில் ஈயைச் சுற்றி ஒரு விரிசல் வெளிப்பட்டது: உண்மையான பால்டிக் ஆம்பரை இரண்டாக அறுத்து, குடைந்து, இக்கால ஈயை வைத்து மூடியிருந்தனர். ஆகவே பூச்சியுள்ள ஆம்பரில் முதலில் தேட வேண்டியது இணைப்புக்கோடே.

நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் பலவற்றினுள் இருப்பதும் அம்மோனைட் என்னும் சுருள்ஓட்டுக் கடலுயிரியின் படிவமே. அது அசலெனில், பிளந்த கல்லின் ஒரு பாதியில் மேடாகத் தெரியும் வரிகள் மறுபாதியில் பள்ளமாக அமைந்து இரண்டும் பொருந்த வேண்டும்.

கண்ணும் கருவியும் சொல்லாத சிலவற்றை விற்பவரே சொல்ல வேண்டியிருக்கிறது. படிவம் எந்த ஊரில், எந்தப் பாறைப்படுகையில் கிடைத்தது, எந்தெந்தப் பாகம் செப்பனிடப்பட்டது ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. அசலாகவே இருந்தாலும் சட்டம் குறுக்கிடலாம். நியூயார்க்கில் 2012இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம்போன டார்போசாரஸ் என்னும் டைனோசரின் எலும்புக்கூடு, சட்டத்துக்குப் புறம்பாக எடுத்துவரப்பட்டதென்று 2013இல் மங்கோலியாவுக்குத் திருப்பியளிக்கப்பட்டது. உடைந்த முள்ளைப் பிசினால் நிரப்பியிருப்பதை வெளிப்படையாகக் குறிப்பிட்டு அதற்கேற்ப விலையைக் குறைக்கும் வணிகரிடம் வாங்கும் அரைகுறைப் படிவம், ஒரு குறையுமில்லை என்று சாதிப்பவர் தரும் முழுப் படிவத்தைவிட நம்பத்தக்கது.