பக்கவாதத்துக்குப் பிறகு கை திரும்ப வருமா? மூன்றாம் நாளே தெரியும் தடயங்கள்

மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில், வெளி என்ற பகுதியில் இருக்கிறது டோபி கானா. தலைமுறைகளாக அங்கே துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கைதான் முதலீடு. துணியைக் கல்லில் அடிக்கவும் முறுக்கிப் பிழியவும் இரண்டு கையும் வேண்டும். அப்படி உழைக்கும் ஒருவரைப் பக்கவாதம் தாக்கினால், உயிர் தப்பியதும் வீட்டார் கேட்பது: “டாக்டர், கை பழையபடி வருமா?”

“பொறுத்துப் பார்ப்போம்” என்பதே வெகுகாலம் பதிலாக இருந்தது. இன்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல வழி இருக்கிறது.

ஸ்கேனில் என்ன தெரியும்?

கையை அசைக்கும் கட்டளை மூளையின் மேற்பரப்பிலிருந்து ஒரு நரம்புக் கற்றை வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. மூளையின் ஆழத்தில் ஓரிடத்தில் இந்த இழைகள் நெருக்கியடித்துச் செல்கின்றன. அங்கே சிறு அடைப்பு வந்தாலும் கை முழுதும் விழுந்துவிடலாம். வேறிடத்தில் பெரிய பாதிப்பு இருந்தும் கை தப்பலாம்.

டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளைக்குள் நீர் மூலக்கூறுகள் நகரும் திசையை அளக்கிறது. கற்றை நன்றாக இருந்தால் நீர் அதன் நீளவாக்கில் நகரும். சிதைந்தால் நாலாபக்கமும் பரவும். இடது, வலது பக்கங்களை ஒப்பிட்டுச் சேதத்தைக் கணிக்கிறார்கள்.

படுக்கையருகே ஒரு சோதனை

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் கேத்தி ஸ்டினியர் குழு 2012இல் ஒரு கணிப்பு முறையை வெளியிட்டு, 2017இல் திருத்தியது. மூன்றாம் நாள் நோயாளியைக் கையைப் பக்கவாட்டில் தூக்கவும் விரல்களை நீட்டவும் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் பெற்று, வயதும் 80க்குக் கீழே இருந்தால், மூன்று மாதத்தில் கை மிக நன்றாகத் தேற வாய்ப்பு அதிகம்.

மதிப்பெண் குறைந்தால், தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுகிறார்கள். கைத் தசை துடித்தால் பாதை பிழைத்திருக்கிறது என்று பொருள். துடிக்காதவர்களுக்கு முதல் முறையில் எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டது. 2017இல் அந்த இடத்தைப் பக்கவாதத்தின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் பிடித்தது. நான்கில் மூன்று கணிப்புகள் சரியாக அமைகின்றன.

நமக்கு ஏன் முக்கியம்?

வயது வேறுபாட்டைச் சமன்செய்து பார்த்த திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேடு, ஆண்டுக்கு லட்சம் பேரில் நகரத்தில் 135 பேருக்கும் கிராமத்தில் 138 பேருக்கும் பக்கவாதம் வருவதாக 2009இல் காட்டியது. எம்.ஆர்.ஐ. எட்டாத ஊர்களிலும் நோய் அதே அளவில் இருக்கிறது. முதல் சோதனைக்கோ கருவியே வேண்டாம்.

நான்கில் ஒன்று தவறலாம் என்பதால், மோசமான கணிப்பைக் காட்டிப் பிசியோதெரபியை நிறுத்தவே கூடாது. கை தேறும் என்றால் அந்தக் கைக்கே தீவிரப் பயிற்சி தரலாம். தேறுவது கடினம் என்றால் தோள் இறுகாமல் காத்து, உடுத்தவும் உண்ணவும் மறு கையைப் பழக்கலாம். ஆகவே மூன்றாம் நாள் மருத்துவரிடம் கேளுங்கள்: “தோளும் விரலும் எவ்வளவு அசைகின்றன? அதை வைத்து என்ன பயிற்சி கொடுக்கப்போகிறீர்கள்?” அதைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.