உஷார்! மழை வந்த பிறகு வைப்பரைத் தட்டிப் பார்க்காதீர்கள்!

பழைய கார் வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே வைப்பரைப் போட்டுப் பாருங்கள். வானம் வெளுத்துக் கிடக்கிறதே, இப்போது எதற்கு என்று கேட்காதீர்கள். சேலம், நாமக்கல் பக்கத்துக் கோடை மழை சொல்லிக்கொண்டா வருகிறது? நாலு மணி வரை மண்டையைப் பிளக்கும் வெயில். ஐந்து மணிக்குப் புழுதிக் காற்று. அடுத்த கால் மணியில் முன்னால் போகிற லாரியே தெரியாது!

ராசிபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பெயர் வேண்டாம். சேலத்தில் கல்யாண ஜவுளி எடுத்துக்கொண்டு மாருதி 800-ல் திரும்பியிருக்கிறார்கள். மல்லூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் நாலு தடவை ஆடியது. பிறகு ‘டொக்’ என்று ஒரு சத்தம். டிரைவர் பக்கத்து பிளேடு கண்ணாடி நடுவிலேயே நின்றுவிட்டது. உள்ளே மோட்டார் மட்டும் ‘உய்ங்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு டேங்கர் லாரி கடந்து, தேங்கிய தண்ணீரையெல்லாம் கண்ணாடியில் வாரி அடித்தது. வண்டி சென்டர் மீடியனில் ஏறிவிட்டது. முன்சீட்டில் இருந்த அம்மாவுக்குத் தோள்பட்டை முறிவு. பின்னால் வந்த பஸ்காரர் பிரேக் பிடித்ததால் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? ஒரு மாதம் முன்புதான் புது வைப்பர் மோட்டார் போட்டிருந்தார்கள்! ‘கடக் கடக்’ என்கிறது என்று கொண்டுபோனதற்கு, பிரித்துப் பார்க்காமலே மோட்டாரை மாற்றி அனுப்பிவிட்டார் மெக்கானிக். தேய்ந்து கிடந்ததோ லிங்கேஜ் புஷ். மோட்டாரிலிருந்து வைப்பர் கைக்குப் போகிற கம்பியின் மூட்டில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு அது. அது விட்டதும் கம்பி கழன்றுகொண்டது.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரே நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். பதறிப்போய் சுவிட்சைத் தட்டும் மூன்று நொடியில் 66 மீட்டர். அத்தனையும் கண் தெரியாமல்!

மாருதி 800 உற்பத்தி 2014 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இன்று ரோட்டில் ஓடுகிற மாருதி 800 எதுவும் புது வண்டி இல்லை. சரியாக வேலை செய்யும் வைப்பர் கட்டாயம் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. நம் ஆட்களோ எஃப்.சி. அன்றைக்கு ஆடினால் போதும் என்று இருக்கிறார்கள்.

வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி வைப்பரைப் போடுங்கள். காய்ந்த கண்ணாடியில் போடவே போடாதீர்கள். சேலத்தை அடுத்த கருப்பூர்ப் பக்கம் பறக்கும் வெள்ளைக்கல் தூசி கண்ணாடியைக் கீறிவிடும். இப்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, பிளேடு ஆடவில்லையா? மோட்டார் மேல் பழி போடாதீர்கள்! வைப்பர் கையின் அடியில் மூடிக்குள் ஒரு நட் இருக்கும். முதலில் அது லூசா என்று பாருங்கள். இறுக்கியும் கை வழுக்கினால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது, கையை மாற்ற வேண்டும். நட் சரியாக இருந்தால் லிங்கேஜைத்தான் பிரிக்க வேண்டும். சாவியை எடுத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் அங்கே கை வைக்க வேண்டும். விரலை நசுக்கிவிடும்!

சத்தமே இல்லையா? ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். திரும்பவும் போகிறதா? எங்கேயோ ஷார்ட், இல்லையென்றால் மோட்டார் இறுகியிருக்கிறது. செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டாதீர்கள், சாமி! ஒயர் உருகி டேஷ்போர்டுக்குள்ளேயே தீப்பிடிக்கும். ஃபியூஸ் நன்றாக இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் சுவிட்சு, எர்த், மோட்டார் கார்பன் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹெட்லைட் போட்டால் வைப்பர் சோர்ந்துபோகிறதா? பேட்டரியோ எர்த்தோ சரியில்லாமல் இருக்கலாம். எப்போதுமே இழுத்து இழுத்து நகர்கிறதா? கை சுழலும் தண்டில் துரு ஏறியிருக்கலாம். ஆஃப் செய்தால் கீழே வந்து படுக்காமல் நடுவில் நிற்கிறதா? மோட்டாருக்குள் இருக்கும் பார்க்கிங் கான்டாக்ட் போயிருக்கலாம். இவை எதுவும் நாளாக நாளாகத் தானே சரியாகாது.

கண்ணாடியில் கோடு கோடாக விழுந்தால் ரப்பர் செத்துவிட்டது. 40 டிகிரி வெயிலில் நிற்கிற வண்டிக்கு ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? வருடம் ஒரு ஜோடி மாற்றிவிடுங்கள். பல வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒரே நீளமாக இருக்காது, அளந்து வாங்குங்கள். கழற்றும்போது கண்ணாடி மேல் தடித்த துணியை மடித்துப் போடுங்கள். பிளேடு இல்லாத கை சுருக்கென்று திரும்பி அடித்தால் கண்ணாடியே விரிந்துவிடும். புது பிளேடு போட்டும் மங்கலாக இருந்தால் அது நெடுஞ்சாலையில் லாரிப் புகை படிந்த பிசுக்கு. ஷாம்பு தண்ணீரால் கழுவுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

நடு மழையில் நின்றுவிட்டால்? சடன் பிரேக் போடாதீர்கள். நாமக்கல் ரோட்டில் உங்கள் பின்னால் வருவது பெரும்பாலும் லோடு லாரி! வேகத்தைக் குறைத்து, இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்குங்கள். புகையிலையைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. பங்க் வரை உருட்டிப்போக உதவலாம். அதை நம்பி ஊர் போய்ச் சேர நினைக்காதீர்கள். ரோட்டோரத்தில், புளியமரத்தடியில் நிற்காதீர்கள். பெட்ரோல் பங்குக்குள்ளோ ஹோட்டல் வாசலிலோ வண்டியை விட்டு, ஒரு டீ குடியுங்கள். கோடை மழை பெரும்பாலும் அரை மணியில் விட்டுவிடும்.