கூடையில் வந்த டர்னிப்பை என்ன செய்வது?

மழை விட்ட கையோடு முள்ளங்கி விதைக்கும் விவசாயிக்கு ஒரு கஷ்டம் உண்டு. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் அதே வாரத்தில்தான் விதைத்திருப்பார்கள். 45 நாளில் எல்லாருடைய கிழங்கும் ஒன்றாகத் திரண்டு மார்க்கெட்டுக்கு வரும். பிடுங்கும் கூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும்கூடக் கட்டாத விலை கிடைக்கும். விலை ஏறட்டும் என்று பத்து நாள் நிறுத்தி வைத்தாலோ, கிழங்கு உள்ளே பஞ்சுபோலாகிச் சக்கையாகிவிடும். கடைசியில் மாட்டுக்குப் போட்டதுபோக மீதியை மடக்கி உழுவதுதான் வழி.

திருநின்றவூர், பாக்கம், நேமம், வேப்பம்பட்டு வட்டாரத்துச் சிறு விவசாயிகளுக்கு இதிலிருந்து தப்பிக்க ஒரு வசதி இருக்கிறது. ரயில் பாதை நெடுகிலும் பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் என்று மாதச் சம்பளக் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் உள்ளன. திருநின்றவூரே 2021இல் நகராட்சியாகிவிட்டது. நிலங்கள் மனைகளாகிக்கொண்டிருப்பதைக் கண்டு வருந்துகிறோம். ஆனால், அந்த மனைகளில் வீடு கட்டிக் குடிவந்திருப்பவர்களும் தினம் காய் வாங்குகிறவர்கள்தாமே!

கொத்தவால் சாவடிக் காலத்திலும், 1996க்குப் பின் கோயம்பேட்டுக் காலத்திலும், காய்க்கு விலை சொல்பவர் வேறொருவராகவே இருந்து வந்தார். 2020 மே மாதம் கொரோனா நோயால் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, நமக்குப் பக்கத்திலுள்ள திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டது. அந்த நாட்களில் பல வகைக் காய்களைக் கலந்து ஒரே பையாகக் கட்டி வீட்டு வாசலில் விற்கும் முறை சென்னை நகரெங்கும் பரவியது. வாங்குகிறவர் பொறுக்கி எடுக்க முடியாது. பையில் உள்ளதைச் சமைக்க வேண்டியதுதான். மார்க்கெட் செப்டம்பர் கடைசியில் கோயம்பேட்டுக்கே திரும்பிவிட்டது. ஆனால், விளைந்ததை விளைந்தபடியே கூடையாகக் கட்டித் தரலாம் என்ற எண்ணம் பலரிடம் தங்கிவிட்டது.

இம்முறை உலகுக்குப் புதிதல்ல. ஜப்பானில் 1970களிலேயே, 'டெய்கெய்' என்ற பெயரில் விவசாயியும் நகரத்துக் குடும்பங்களும் நேரடியாகக் கைகோத்தனர். அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் இதைத் தொடங்கின. அங்கே குடும்பங்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டி, விளைச்சலில் பங்கு பெறுகின்றன. விதைக்கும் உரத்துக்கும் வட்டிக்கு வாங்க வேண்டிய நேரத்தில் கையில் பணம் வருவது சிறு விவசாயிக்கு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. நமது பகுதியில் பருவம் முழுவதற்கும் பணம் கேட்பது நடக்காது. ஒரு மாதப் பணத்தை முன்கூட்டிக் கேட்டால் தருவார்கள்.

ஆனால், அடுத்த மாதமும் தருவார்களா என்பது தோட்டத்தில் முடிவாவதில்லை. அவர்கள் வீட்டு அடுப்பங்கரையில் முடிவாகிறது. வெண்டையும் தக்காளியும் செலவாகிவிடும். முள்ளங்கி, நூல்கோல், டர்னிப் போன்றவை மூலையில் கிடந்து வாடும். அடுத்த வாரக் கூடையிலும் அதுவே வந்தால் இல்லத்தரசி கணக்குப் பார்க்கத் தொடங்குவார். சில வாரங்களில் "இனி வேண்டாம்" என்று சொல்லியனுப்புவார். ஆகவே, கூடை விற்க நினைக்கும் விவசாயி வேண்டாத காய் என்று ஒதுக்கப்படுவதை எப்படிச் சமைப்பது என்று தெரிந்துகொள்வது அவசியம். அதாவது, அவர் வீட்டுப் பெண்கள் முதலில் சமைத்து, வீட்டார் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

டர்னிப் வேறு, நூல்கோல் வேறு

கடைகளில் இவ்விரண்டையும் ஒரே பெயரில் விற்பதும் உண்டு. நூல்கோல் முட்டைக்கோசுக்கு உறவு. தரைக்கு மேலே தண்டு பருத்து உருண்டையாகும். அதன் மேல் இலை உதிர்ந்த தழும்புகள் இருக்கும். இலை வழவழப்பாக நீலம் கலந்த பச்சையாக இருக்கும். டர்னிப் பருப்பது மண்ணையொட்டி, வேர்ப் பக்கத்தில். தோல் வெள்ளையாகவோ, மேற்புறம் மட்டும் கருஞ்சிவப்பாகவோ இருக்கும். இலையைத் தடவினால் முள்ளங்கி இலைபோல் சொரசொரக்கும். முள்ளங்கி உட்பட மூன்றுமே கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கடுகின் காரமும் நெடியும் இவற்றில் இருப்பதற்கு அதுவே காரணம்.

வெட்டும்போது திசுக்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகம் கலந்த பொருளும் ஒன்று சேர்வதால் இந்த நெடி பிறக்கிறது. குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்குக் காய் காரணமல்ல, நாம் வேகவைக்கும் விதமே காரணம். நீண்ட நேரம் மூடி வைத்து வேகவைத்தால் வாடை வெளியேற வழியின்றிக் காயிலேயே தங்கும். அதிகம் வெந்தால் கூடவும் செய்யும். ஆகவே, டர்னிப்பைப் பருப்போடு சேர்த்துக் குக்கரில் போட்டு நான்கு விசில் விடுவது கூடாது. பருப்பைத் தனியே வேகவைத்துக்கொண்டு, காயை வாயகன்ற பாத்திரத்தில், கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மூடாமல், கத்தி இறங்கும் பதத்தில் இறக்கிவிட வேண்டும். சிறு துண்டுகளுக்கு எட்டுப் பத்து நிமிடம் போதும். தண்ணீரைக் கொட்டிவிடாமல் அளவாக வைத்து, மிஞ்சியதை ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கரைந்த சத்து வீணாகாது. தோலைச் சற்றுத் தடிப்பாகச் சீவினால் கசப்பு குறையும். நடுத்தர எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்போதே பிடுங்கிய கிழங்கானால் கசப்பே தெரியாது.

கூட்டு, பொரியல், குழம்பு

முதல் முறை சமைப்பவர்கள் பாசிப்பருப்புக் கூட்டில் தொடங்குவது நலம். அரை கிலோ டர்னிப்புக்கு 100 கிராம் பாசிப்பருப்பு. பருப்பை மஞ்சள் தூள் சேர்த்து மலர வேகவைத்துக்கொள்ளவும். மேலே சொன்னபடி வெந்த காயோடு சேர்த்து, இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி சீரகம், மூன்று பச்சை மிளகாய் அரைத்து விட்டு, உப்பிட்டு ஒரு கொதியில் இறக்கவும். கொட்டைப்பாக்கு அளவு வெல்லம் சேர்த்தால் மிச்சமிருக்கும் கசப்பும் அடங்கிவிடும். தாளிக்கும்போது கடுகோடு உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் போதும். பெருங்காயம் சேர்த்தால் வீட்டில் யாரும் இது என்ன காய் என்று கேட்கமாட்டார்கள்.

பொரியலுக்குத் துருவிக்கொள்வது நல்லது. துருவியதில் உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். லேசாகப் பிழிந்து, தாளித்த எண்ணெயில் போட்டு ஐந்து நிமிடம் கிளறினால் போதும். முள்ளங்கிக்கும் இதே முறைதான். பிழிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசையச் சேர்க்கலாம்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கிழங்குகளைக் கருவாட்டுக் குழம்பில் போட்டுப் பார்க்க வேண்டும். நமது மாவட்டத்தில் முள்ளங்கியும் கத்தரிக்காயும் பச்சை மொச்சையும் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைப்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முள்ளங்கிக்குப் பதில் டர்னிப்பைப் போட்டால் அது புளியையும் காரத்தையும் இழுத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு போலக் கரைந்துவிடாமல் நிற்கும். கருவாட்டின் மணத்துக்கு முன் டர்னிப்பின் வாடை எம்மாத்திரம்! காஷ்மீரத்தில் ஆட்டிறைச்சியோடு சேர்த்துச் சமைப்பது வழக்கம். அங்கே பனிக்காலத்துக்காக டர்னிப்பை வில்லைகளாக நறுக்கி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்துச் சேமிக்கிறார்கள். கொத்தவரை வற்றல் போட்டுப் பழகிய நம் வீடுகளில் இது எளிது. கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, உப்பு கலந்த மோரில் ஓர் இரவு ஊறவைத்து, மாசி, பங்குனி வெயிலில் சலசலவென்று ஆகும்வரை காயவைக்க வேண்டும். வற்றல் குழம்புக்கு ஆகும். விற்காமல் தங்கிய கிழங்குக்கும் இதுவே வழி.

தைராய்டு கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இவ்வகைக் காய்களைப் பச்சையாக அதிகம் சாப்பிடாமல், சமைத்து அளவாகச் சாப்பிடுவது நல்லது. மருத்துவரையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எறியப்படும் கீரை

கிழங்கை விற்கும் விவசாயி அதைவிடச் சத்தான பாகத்தை வரப்பிலேயே கிள்ளி எறிந்துவிடுகிறார். டர்னிப் கிழங்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 30 மில்லிகிராம்தான். கீரையிலோ குறைந்தது அதைப்போல் ஆறு மடங்கு. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ'யாக உடலில் மாறும் மஞ்சள் நிறப் பொருள் கிழங்கில் அநேகமாக இல்லை, கீரையில் ஏராளம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தண்டுக்கீரை, பசலை போன்றவற்றில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுக்கும். கடுகுக் குடும்பக் கீரைகளில் அந்த அமிலம் குறைவு. ஆகவே, உள்ள சத்து உடம்பில் நன்றாகவே சேரும். பிள்ளை பெற்ற பெண்ணும் வளரும் குழந்தையும் உள்ள வீட்டில் இதை ஆட்டுக்குப் போடுவது நியாயமாகாது. ஆட்டுக்கு வேறு தழை கிடைக்கும்.

கீரையின் சொரசொரப்பு வெந்தால் போய்விடும். இளங்கீரையைப் பொடியாக நறுக்கித் துவரம்பருப்போடு கடைந்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் சோற்றுக்குப் போதும். முள்ளங்கிக் கீரையை எண்ணெயில் வதக்கி, வறுத்த வேர்க்கடலை, புளி, மிளகாயோடு அரைத்த துவையல், காலையில் வயலுக்குப் போகிறவர்களின் கூழுக்குத் தொட்டுக்கொள்ளப் பொருத்தமானது. கலைத்துவிடும் நாற்றுகளையும் எறியாமல் கீரையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால், இலையை உண்பதென்றால் இலை மீது விஷ மருந்து தெளிக்கக் கூடாது. அசுவினி தென்பட்டால் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்கி, மாலையில் தெளிக்கலாம். இரசாயன மருந்து தெளித்த வயலின் கீரையைக் கூடையில் வைப்பதைவிட வைக்காமலிருப்பதே நல்லது.

கூடை கட்டும்போது

பிடுங்கியவுடன் கிழங்கையும் கீரையையும் பிரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் இலைகள் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாளே கிழங்கு துவண்டுவிடும். இரண்டு விரற்கடை காம்பு விட்டு அறுத்து, கீரையை ஈரச் சாக்கில் சுற்றித் தனிக் கட்டாக வைக்கலாம்.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு வாரம் 5, 6 கிலோ கூடை சரியாக இருக்கும். அதில் பழகாத காய் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதுவும் அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். டர்னிப் வந்த அடுத்த வாரம் டர்னிப் வரக் கூடாது. தை, மாசிக் கூடையில் கத்தரி, தக்காளி, அவரை, பச்சை மொச்சை, கொத்தமல்லி ஆகியவற்றோடு ஒரு கிழங்கு சேரலாம். கோடையில் வெண்டை, புடல், பீர்க்கு, சுரை, கொத்தவரை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில்தான் சங்கடம். அடைமழையில் கீரை அழுகும், பூ உதிரும். அந்த மாதங்களுக்கென்று பரங்கி, பூசணி, சேனை ஆகியவற்றை முன்னதாகவே அறுவடை செய்து இருப்பு வைத்துக்கொள்ளாதவர் கூடை முறையில் இறங்காதிருப்பது நல்லது.

கூடையோடு சமையல் குறிப்பு எழுதிய துண்டுத் தாள் ஒன்றை வைக்கச் செலவு அதிகமில்லை. மேலே கண்ட கூட்டையே நான்கு வரியில் எழுதலாம். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருப்பதால் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். ஆயினும், கூடைக்குள் இருக்கும் தாள்தான் அடுப்படிவரை போகும். திருநின்றவூர் மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் ஊர். என்றாலும் மனத்திலேயே சமைத்துவிட முடியாதே!

எவ்வளவு பயிரிடலாம்?

நமது சமவெளிக்கு முதல் கிழங்கு முள்ளங்கிதான். பூசா சேத்கி ரகம் வெயிலையும் தாங்கி 40-45 நாளில் வரும். டர்னிப் குளிர் விரும்பும் பயிர். நீலகிரியில் வருவதுபோல் இங்கே வராது. மார்கழியில் விதைத்து மாசிக்குள் எடுத்துவிடும் குறுகிய கால ரகங்களையே முயல வேண்டும். பூசா ஸ்வேதி போன்ற ஆசிய வகைகள் ஏறக்குறைய 45 நாளில் தயாராகும். முதல் ஆண்டு ஒரு சென்ட்டுக்கு மேல் வேண்டாம். அதற்கு 15 கிராம் விதை போதும். மேட்டுப்பாத்தி அமைத்து, ஓர் அடி இடைவெளியில் கோடு கிழித்து, மணலோடு கலந்து தூவி, முளைத்தபின் நான்கு விரற்கடைக்கு ஒன்றாகக் கலைத்துவிட வேண்டும். பதினைந்து நாள் இடைவெளியில் அரை அரை சென்ட்டாக இரண்டு தவணையில் விதைத்தால் கிழங்கு ஒரே வாரத்தில் குவியாது. விதை வாங்கும் முன், திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, இந்தப் பருவத்துக்கேற்ற ரகம் எது என்று கேட்டறிந்துகொள்ளலாம்.