ஷட்டரைப் பாதி தூக்கிய நேரம்

தோவாளைச் சந்தைக்கு விடியும் முன்பே பிச்சியும் மல்லியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிடும். அதற்கும் முன்னால் கடைக்காரர் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி, ஒற்றை பல்பைப் போட்டுத் தராசைச் சரிபார்ப்பார். வாங்க ஆள் இல்லை, விலைப் பேச்சும் இல்லை. யூனிக்ஸ் வழி வந்த கணினிகளுக்கும் அப்படியொரு நேரம் உண்டு. பெயர் சிங்கிள் யூசர் மோட்.

யூனிக்ஸ் வளர்ந்த 1970-களில் ஒரே கணினியில் பலர் தனித்தனி டெர்மினலில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் வட்டையே இன்னொருவர் பழுதுபார்த்தால் கோப்புகள் பாழாகும். அதனால் எல்லாரையும் வெளியே நிறுத்தி, நிர்வாகியான ‘ரூட்’ ஒருவரை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு தேவைப்பட்டது. இன்றும் அதேதான்: வண்ணத் திரை வராது, பெரும்பாலும் நெட்வொர்க்கும் இராது.

நம் வீடுகளிலும் இதற்கு வேலை உண்டு. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, யூனிக்ஸ் வழி வந்த போஸ் லினக்ஸும் இருந்தது. மகனுக்குக் கிடைத்த அந்த லேப்டாப்பில் பூக்கணக்கு எழுதும் ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

ஆன் செய்ததும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்டு வரும் ‘கிரப்’ பட்டியலில் போஸ் வரியில் நின்று ‘இ’ விசையைத் தட்ட வேண்டும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் இடம்விட்டு, ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘சிங்கிள்’ என்று சேர்த்து, கண்ட்ரோலும் எக்ஸும் அழுத்த வேண்டும். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்குத்தான். தப்பாக அடித்தாலும் பயமில்லை, அணைத்துப் போட்டால் பழையபடி வரும்.

சிக்கல் அடுத்துதான். போஸின் தாய்வீடான டெபியன், சிங்கிள் யூசர் மோடிலும் ரூட் பாஸ்வேர்டு கேட்கும். அதுவும் தெரியாதவர்கள் ‘சிங்கிள்’ என்பதற்குப் பதில், நேரே ‘பாஷ்’ ஷெல்லை எழுப்பும் ‘இனிட்’ குறிப்பைச் சேர்ப்பார்கள். அப்போது வட்டு படிக்க மட்டுமே திறந்திருக்கும். எழுதவும் திறக்கச் சொல்லி ‘மவுன்ட்’ கட்டளையை ரீமவுன்ட் குறிப்போடு கொடுத்த பிறகே, பாஸ்வேர்டை மாற்றும் ‘பாஸ்டபிள்யூடி’ கட்டளை வேலை செய்யும். புது பாஸ்வேர்டை அடிக்கையில் திரையில் புள்ளிகூட விழாது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பலர் கைவிடுவது இங்கேதான்.

இதே வழியில் திருடனும் வரலாம், உண்மைதான். வட்டு முழுவதையும் என்க்ரிப்ட் செய்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. அந்த என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டையும் மறந்தால் பூக்கணக்கு போனதுதான்.