ஊர்க்கோயிலைப் படமெடுத்து வைப்போம்

யாத்திரை செல்லும் நாம், மாமல்லபுரத்துக் கற்கோயில்கள் முன்னும் தஞ்சைப் பெரிய கோயில் முன்னும் நின்று ஆவலுடன் படமெடுத்துக் கொள்கிறோம். ஆனால் நம் ஊர் எல்லையிலேயே இடிந்து கிடக்கும் பழங்கோயிலுக்கு ஒரு படமேனும் நம்மிடம் உண்டா? இக்கேள்வியை ஒவ்வொரு பஞ்சாயத்து அங்கத்தினரும் தமக்குத் தாமே கேட்டுக் கொள்ளுதல் நலம்.

புகைப்படம் வெறும் அழகுப் பொருளன்று; அது சாட்சி. அரியலூர் மாவட்டத்துச் சிற்றூரான ஸ்ரீபுரந்தானில் சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி ஒன்று இருந்தது. அது களவு போய்க் கடல் கடந்தது. ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடம் 2008-ம் ஆண்டில் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதனை வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-ல் அக்கோயிலில் எடுத்து வைத்திருந்த படத்துடன் ஒப்பிட்டபோது, இரண்டும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. 2014-ல் திருமேனி நம் நாட்டிற்குத் திரும்பியது. அப்படம் இல்லாதிருப்பின், அது நம்முடையதே என்று மெய்ப்பிப்பது எத்துணை அரிதாயிருக்கும்!

கல்வெட்டுக்களும் இவ்வாறே காக்கப்பட வேண்டியவை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்களாலன்றோ, குடவோலை முறையில் ஊர்ச்சபையினரைத் தேர்ந்தெடுத்த வரலாற்றை நாம் அறிகிறோம். திருப்பணி என்ற பெயரால் சுவரில் சுண்ணாம்பைப் பூசிவிட்டாலோ, கல்லைச் செதுக்கிவிட்டாலோ இத்தகைய செய்திகள் மறைந்தொழியும். ஆகவே திருப்பணி தொடங்குமுன் படமெடுத்தல் இன்றியமையாதது.

தஞ்சையில் 1858-ம் ஆண்டிலேயே இதற்கு வழிகாட்டினார் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்துறை அதிகாரி. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுக்களைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அந்நாளில் பெருஞ்சுமையான கருவிகள் வேண்டியிருந்தன. இன்றோ கைப்பேசியே போதும்.

எடுக்கும் முறை

1. உச்சி வெயிலில் எழுத்துக்கள் தெரியா. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும். அப்போது எடுக்க வேண்டும். நிழலான சுவராயின், கண்ணாடியினால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பலாம்.

2. முதலில் கோயில் முழுவதையும், பின்னர் ஒவ்வொரு சுவரையும், அதன்பின் சிற்பங்களையும் எடுக்க வேண்டும். சிலையாயின் முன், பின், இரு பக்கங்கள், பீடம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்தல் வேண்டும். உடைவு, வடு முதலியவற்றை அருகிலிருந்து எடுப்பது அடையாளத்துக்குப் பெரிதும் உதவும்.

3. அளவு தெரியுமாறு அருகில் ஓர் அளவுகோலை வைக்க வேண்டும்.

4. எழுத்து தெரிவதற்காகக் கல்லின்மீது சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பதும், எண்ணெய் பூசுவதும் கூடா. இடிந்த சுவர்மீது ஏறுதலும் ஆகாது.

5. கோயில் அதிகாரிகளிடம் முன்னரே இசைவு பெற வேண்டும். மூலத்தானத்தில் படமெடுத்தல் பல கோயில்களில் தடுக்கப்பட்டிருப்பதை நாம் மதித்து நடக்க வேண்டும்.

உழும்போது நிலத்தில் சிலையோ காசோ கிடைத்தால், கிடைத்த இடத்திலேயே படமெடுத்து, உடனே வட்டாட்சியருக்கு அறிவிக்க வேண்டும். புதையல் கிடைத்ததை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ம் ஆண்டுச் சட்டம். மண்ணைச் சுரண்டித் தேய்த்துக் கழுவுதல் தவறு.

எடுத்த படம் ஒவ்வொன்றுக்கும் ஊர், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்காவிடில் பயன் குறைவு. ஒரு படி பஞ்சாயத்து அலுவலகத்திலும், ஒரு படி கோயிலிலும், ஒரு படி பள்ளியிலும் இருத்தல் நன்று. ஆனால் காவலற்ற கோயிலின் செப்புத் திருமேனிகளை ஊரறியப் பரப்புதல் கள்வருக்கு வழிகாட்டுவதாகும். அப்படங்களைப் பொறுப்புள்ளோரிடம் மட்டுமே வைக்க வேண்டும்.

நிலத்துக்குப் பட்டா வைத்திருக்கிறோம். முன்னோர் விட்டுச்சென்ற செல்வத்துக்கு நாம் வைத்திருக்கும் பட்டா எது? வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.